மனுவில் ஒரு வரி

ஆம்பூர் தோல் ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரம். புங்கமர நிழலில் ஆல்வின் சொல்லச் சொல்ல, செல்வகுமார் முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறான். மாதம் ஒரு ஞாயிறு இருவரும் வாடகைப் படகில் போய்த் தூண்டில் போடுகிற கடற்பகுதியை, மீன்வளம் பெருகட்டும் என்று அரசு மூடப்போகிறதாம். ஆட்சேபணை அனுப்ப இன்றே கடைசி நாள்.

“பொழப்பு போவுதுன்னு எழுதட்டா?” என்கிறான் செல்வகுமார்.

“அது பொய்டா. நமக்குப் பொழப்பு இங்கதான்.”

“பின்ன கடல் இன்னாத்துக்கு வேணும்னு எழுதறது?”

ஆல்வின் சாயநீலம் ஏறிய தன் நகங்களையே பார்க்கிறான். ஆலைச் சங்கு ஊதுகிறது. “அங்க போற அன்னிக்குத்தான்டா எனக்கு மூச்சு முட்டாம இருக்குது.”

செல்வகுமார் அதை அப்படியே எழுதுகிறான். ‘எனக்கு’ என்பதை மட்டும் ‘எங்களுக்கு’ என்று மாற்றி.