ஃபில்டர் போடாத புஷ்பராகம்

"சத்தியமாச் சொல்லு. ஃபில்டர் போட்டியா, போடலையா?"

மாமா போட்ட சத்தத்தில் பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருந்த புறா பறந்துவிட்டது. பறக்க வழியில்லாத மச்சினன் மட்டும் செல்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டி நின்றான்.

"எங்க அக்கா மேல சத்தியமாப் போடலை மாமா!"

"ஏன்டா, சத்தியம் பண்ண உனக்கு என் தலைதான் கிடைச்சுதா? உன் தலை எங்க போச்சு?" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

மாமா கல் வியாபாரி. கடை, போர்டு எதுவும் கிடையாது. ஒரு பெட்டி நிறையக் கற்கள், ஒரு இடுக்கி, வாய் நிறையப் பேச்சு, அவ்வளவுதான் முதலீடு. முன்பு வீடு தேடி வந்து வாங்கியவர்கள் எல்லாம் இப்போது "போட்டோ அனுப்புங்க" என்கிறார்கள். மாமா எடுத்தால் மாணிக்கம்கூடக் காய்ந்த மிளகாய்த் துண்டு மாதிரிதான் விழும். அதனால் நல்ல போன் வைத்திருந்த மச்சினனுக்கு இந்த வீட்டில் திடீர் மரியாதை வந்திருந்தது.

இன்று காலையில் மாமா ஒரு மஞ்சள் புஷ்பராகத்தை இடுக்கியில் பிடித்துக்கொண்டு வெயிலில் குனிந்தார். மச்சினன் எதிரே மண்டி போட்டு ஒரே ஒரு படம் எடுத்தான். அடேயப்பா, என்ன படம்! கல்லுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது. வெளியூர் நகைக்கடை அம்மாள் பார்த்த கையோடு போன் பண்ணிவிட்டாள்.

"கல்லு எனக்குத்தான். வேற யாருக்கும் காட்டாதீங்க. ஒரே ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க, முடிச்சிடலாம்."

மாமாவுக்கு வெயிலும் ஏறியிருந்தது, குஷியும் ஏறியிருந்தது. உள்ளே போய் டீ குடித்து, முகம் கழுவி, தொப்பியை மாட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். மச்சினன் அதே இடத்தில், அதே மாதிரி மண்டி போட்டு வீடியோ எடுத்தான். கல் செத்துக் கிடந்தது. சோடா பாட்டில் உடைந்த துண்டு இதைவிட மினுங்கும்.

"என்னங்க இது, போட்டோவுல வேலை பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள் அந்த அம்மாள்.

இந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. படத்தில் வேலை பண்ணுகிறவன் என்று ஒரு தரம் பெயர் வந்துவிட்டால், அப்புறம் பெட்டியை மூடிவிட்டு வேறு பிழைப்புத்தான் பார்க்க வேண்டும். "கொஞ்ச நேரம் குடுங்கம்மா, வேற வீடியோ அனுப்பறேன்" என்று கெஞ்சிப் போனை வைத்த மாமா, நேராக மச்சினன் மேல்தான் பாய்ந்தார்.

"நான் ஏன் மாமா ஃபில்டர் போடப்போறேன்?"

"நீயாடா போடமாட்டே? போன மாசம் என் வழுக்கையில சுருட்டை முடி வெச்சுக் குடும்ப குரூப்புல போட்ட மகராசன்தானே நீ! எங்க பெரியம்மா, 'யாரு இந்தப் பையன், நம்ம பொண்ணுக்குப் பாக்கலாமா'ன்னு கேட்டாங்க!"

"அந்தப் போட்டோ நல்லாத்தான் இருந்துது. நான் இன்னும் அழிக்கலை" என்றபடி அக்கா பால்கனிக்கு வந்தாள். மாமா அவளை முறைத்த முறைப்பில் புஷ்பராகமே கருத்திருக்க வேண்டும்.

மூன்று பேருமாக என்னென்னவோ செய்து பார்த்தார்கள். லென்ஸைத் துடைத்தார்கள், கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், டிஷ்யூ பேப்பரைப் பந்தல் மாதிரி பிடித்தார்கள். அக்கா குளியலறைக் கண்ணாடியையே கழற்றிக்கொண்டு வந்து வெளிச்சம் அடித்தாள். எதிர்வீட்டுக்காரர் கண் கூசி ஜன்னலைச் சாத்தினாரே தவிர, கல் அசைந்துகொடுக்கவில்லை.

"போதும்டா சாமி. உன் போனும் வேணாம், நீயும் வேணாம். இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே."

பிறந்ததிலிருந்து மச்சினன் ஒரு வேலையும் பண்ணாமல் அனுப்பிய படம் அது ஒன்றுதான். அதற்கா இந்தப் பேர்! அக்காவைப் பார்த்தான், அவளும் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமாவின் போன் அலறியது.

"வீடியோ வருமா, வராதா? வரலேன்னா எங்க வியாபாரிங்க குரூப்புல உங்க பேரைப் போட்டுச் சொல்லிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"இதோம்மா, எடுத்துக்கிட்டே இருக்கோம்மா!" மாமா அவசர அவசரமாகக் கல்லை மறுபடி இடுக்கியில் பிடித்தார்.

போகிறதுதான் போகிறோம், கடைசியாக ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று மச்சினன் காலையில் எடுத்த படத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கினான். கல்லின் ஒரு பட்டைக்குள் சின்னதாக, உருண்டையாக என்னமோ தகதகத்தது. சூரியன் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் சூரியனுக்கு ஏது இரண்டு காது?

படத்தைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான்.

"மாமா... முதல்ல அந்தத் தொப்பியக் கழட்டுங்க!"