அசாமுக்கு ஒரு ஆள்

"நீயே போய்ட்டு வந்துடு எலியாஸ். உனக்குத்தான் சர்வீஸ் கம்மி" என்றார் மேஸ்திரி மணவாளன்.

எலியாஸ் குடித்துக்கொண்டிருந்த கூழைக் கீழே வைத்தான்.

திருத்தணி ஸ்டேஷனுக்குத் தெற்கே, ரயில் பாதையோரத்துத் தகரக் கொட்டகை. பட்டாளத்து வண்டிகள் ஓயாமல் ஓடிய யுத்த காலம். விடிந்ததிலிருந்து தண்டவாளத்துக்கு ஜல்லி அடித்துவிட்டு மேஸ்திரியும் மூன்று கேங்மேன்களும் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து காகிதம் வந்திருந்தது. அசாம் ரயில் பாதை வேலைக்கு இங்கிருந்து ஒரு ஆள் வேண்டும். இன்றைக்கே, மூன்று மணி வண்டியில்.

அசாம் என்றால் ஜப்பான்காரன் குண்டு. குண்டுக்குத் தப்பினால் மலேரியா. போன வருஷம் பக்கத்து கேங்கிலிருந்து போன இரண்டு பேரும் திரும்பவில்லை.

"வூட்லே யூனிஸுக்கு இது எட்டாம் மாசம் மேஸ்திரி."

"எனக்குத் தெரியாதாடா? நான் இன்னா பண்றது? யார் பேரையாவது எழுதிக் குடுத்தாவணும்."

இன்னொரு கேங்மேன் கஜபதி, குனிந்து தன் கூழையே கலக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள்.

மூன்றாமவன் துரைக்கண்ணு பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான். "இது இன்னா நியாயம்? சின்னவன்னா அவன் தலையிலே கட்டிடறதா? சீட்டு போடுங்க. யார் கை மட்டமோ அவன் போவட்டும்."

கஜபதிக்கு இப்போது வாய் வந்தது. "எங்கே சுத்தி எங்கே வர்றான் பாருங்க! சீட்டுன்னா நீ தப்பிச்சுக்குவே, இல்லே? உன் விரல் பண்ற வேலை ஊருக்கே தெரியுமே!"

பொய்யில்லை. சீட்டில் ஏமாற்றிப் பிடிபட்டு, ஆர்.கே.பேட்டை சந்தையில் இரண்டு தடவை உதை வாங்கியவன்தான் துரைக்கண்ணு.

"நான் கலைக்கலைப்பா. மேஸ்திரியே போடட்டும்" என்றான் அவன்.

"போடுங்க மேஸ்திரி. எப்படியோ முடிஞ்சா சரி" என்றான் எலியாஸ். வாதாட அவனுக்குத் தெம்பில்லை.

துரைக்கண்ணுவின் டிபன் பையிலேயே சீட்டுக்கட்டு இருந்தது. மேஸ்திரி கலைத்து, ஆளுக்கு மூன்று சீட்டு போட்டார். மீதிக் கட்டை நடுவில் வைத்தார்.

"ஒரே ஆட்டம். ஜோடி வந்தவன் தப்பிச்சான், எவ்ளோ சின்ன ஜோடியா இருந்தாலும் சரி. ஜோடி இல்லாதவங்களுக்குள்ளே, கையிலே இருக்கிற பெரிய சீட்டு யாருக்கு மட்டமோ அவன் போவணும்."

எலியாஸ் சீட்டைப் பிரித்தான். மறைக்கக்கூடத் தோன்றாமல் அவன் பிடித்திருந்த விதத்தில், எதிரே இருந்தவர்களுக்கே சீட்டு தெரிந்திருக்கும்.

துரைக்கண்ணு தன் சீட்டை ஓரம் மட்டும் தூக்கிப் பார்த்தான். பிறகு எலியாஸைப் பார்த்தான்.

அந்த நேரம் ஒரு பட்டாளத்து வண்டி தடதடவென்று கடந்தது. கொட்டகை அதிர்ந்தது. புழுதிக்கு எல்லோரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

வண்டி போனதும், "விரிங்கடா" என்றார் மேஸ்திரி.

கஜபதிக்கு ராஜா, ஒன்பது, நாலு. அப்பாடா என்று சாய்ந்தான்.

எலியாஸுக்கு ஜாக்கி, எட்டு, மூணு. அவன் முகம் செத்துவிட்டது.

துரைக்கண்ணு மெதுவாக விரித்தான். பத்து, ஏழு, ஆட்டின் ரெண்டு.

யாருக்கும் ஜோடி இல்லை. பத்துதான் மட்டம்.

எலியாஸ் கண்ணை மூடி, "கர்த்தரே" என்றான்.

"சரிதான்" என்று துரைக்கண்ணு எழுந்தான். அவன் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சீட்டு நழுவிக் கவிழ்ந்து விழுந்தது.



"அடப் பாவி!" கஜபதி துள்ளி எழுந்தான். "புழுதி பறந்தப்போ கட்டிலேருந்து வேற சீட்டை உருவிக்கினு, வந்த சீட்டை மறைச்சிருக்கான்! ஏமாத்தியும் தோத்தான் பாருங்க மேஸ்திரி! மலை மேலே முருகன் பார்த்துக்கினுதான் இருக்கான்!"

மேஸ்திரி காறித் துப்பினார். "உசுரு விஷயத்திலேயுமாடா?"

எலியாஸுக்குத்தான் தாங்கவில்லை. "எம் பொண்டாட்டி நிலைமை தெரிஞ்சுமா இப்படிப் பண்ணே அண்ணே?"

"ஆங்… கைப்பழக்கம்டா" என்றான் துரைக்கண்ணு. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "மேஸ்திரி, வூட்லே மணியம்மை கேட்டா சீட்டிலே தோத்துட்டேன்னு சொல்லிடுங்க."

"நீயே போய் சொல்லிட்டு வாடா. நேரம் இருக்குதே."

"வேணாங்க. நேர்ல போனா அழுவா. சீட்டுன்னு கேட்டா திட்டுவா. திட்டிக்கினு இருக்கட்டும்."

மூன்று மணி வண்டிக்கு மேஸ்திரி மட்டும் கூடப் போய், காகிதத்தைக் கொடுத்து ஏற்றிவிட்டு வந்தார். மற்ற இருவரும் கொட்டகையிலேயே இருந்தார்கள். வண்டி அவர்களைத் தாண்டிப் போனபோது கஜபதி முதுகைத் திருப்பிக்கொண்டான். எலியாஸும் தலை தூக்கவில்லை.

திரும்பி வந்ததும், "அந்தச் சனியன் பிடிச்ச சீட்டை வாரி வெளியிலே போடுடா" என்றார் மேஸ்திரி.

எலியாஸ் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கவிழ்ந்து கிடந்ததை எடுத்துத் திருப்பினான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா?" என்று கஜபதி எட்டிப் பார்த்தான்.

இஸ்பேட் ரெண்டு.

துரைக்கண்ணு விரித்துவிட்டுப் போன ஆட்டின் ரெண்டின் பக்கத்தில் எலியாஸ் அதை வைத்தான். இருப்பதிலேயே சின்ன ஜோடி. அதை அவன் காட்டியிருந்தால், அந்த வண்டியில் போயிருக்க வேண்டியவன் எலியாஸ்.