முந்நூறு கிராம்

பின்பக்கச் சந்தில் தகரம் உரசுகிற சத்தம். நின்றது. மறுபடியும் கேட்டது.

நன்றாக இருட்டியிருந்தது. வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிஃப்ட். வீட்டில் அவளும் மூன்று மாதக் கைக்குழந்தையும்தான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொரு கையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“யாரது?”

குப்பைத் தொட்டிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்த உருவம் நிமிர்ந்தது.

“பயப்படாதீங்க. நான்தான், தராசு அக்கா.”

அது தெரு வைத்த பெயர். வீடுகளில் எவ்வளவு சாப்பாடு வீணாகிறது என்று ஆய்வு செய்கிறவள். நாற்பது வீடுகள். கொட்டியதை அந்தந்த வீட்டில் இருப்பவர்களே ஒரு நோட்டில் எழுத வேண்டும். தராசு அக்கா தினமும் காலையில் வந்து தொட்டியைக் கிளறி எடை போடுவாள். “நம்ம குப்பைக்கும் படிப்பு வந்துடுச்சு பாரு” என்று மாடிவீட்டு அத்தை சிரிப்பாள்.

பயம் போய்க் கோபம் வந்தது.

“காலையில நோண்டுறது போதாதா? எழுதிக் குடுத்ததை நம்பவே மாட்டீங்களா?”

“நம்ப மாட்டேன். அதுக்குத்தான் சம்பளம்” என்றாள் தராசு அக்கா. “நோட்டுல ‘வீண் ஒண்ணுமில்ல’ன்னு எழுதியிருக்கீங்க. தொட்டியில எட்டு நாளா, தினம் முந்நூறு கிராம் சாப்பாடு கிடக்கு.”

“உங்க தராசு கெட்டுப்போயிருக்கும்.”

“எனக்கும் முதல்ல அந்தச் சந்தேகம்தான். வேற தராசு கொண்டு வந்தேன். அதே எடை.”

“மாடிவீட்டு அத்தை கொட்டியிருப்பாங்க.”

“அவங்க ஊருக்குப் போயிருந்த மூணு நாளும் இதே முந்நூறுதான்.”

“கெட்டுப்போனதைக் கொட்டியிருப்பேன். அதுக்கென்ன இப்ப?”

“கெட்டது இல்ல. அன்னன்னைக்குச் சமைச்சது. கை வெச்ச அடையாளமே இல்ல.”

குழந்தை சிணுங்கியது. அவள் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

“வீட்டுக்காரர் டப்பா கட்டிட்டுப் போயிடறார். குழந்தைக்குப் பால்தான். மிச்சம் யாரு? தொட்டியில இருக்கிறது ஒரு ஆளோட சாப்பாடு.”

துடைப்பம் கையிலிருந்து நழுவி விழுந்தது.

“இறங்க மாட்டேங்குதுக்கா. தட்டுல போட்டுக்கிட்டு உக்காருவேன், தொண்டை அடைச்சுக்கும். தூக்கம் இல்ல. இலை அசைஞ்சாக்கூட பயமா இருக்கு. அவர் கேட்டா சாப்பிட்டேன்னு சொல்லிடுவேன். மாமியாருக்குத் தெரிஞ்சா, ‘தன்னையே பார்த்துக்கத் தெரியாதவ பிள்ளையை எங்க வளர்க்கப் போறா’ன்னு இவனைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. தயவுசெஞ்சு எழுதிடாதீங்க!”

“எழுதல. நேத்தே உங்க வீட்டை ஆய்வுல இருந்து நீக்கிட்டேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது.

“பொய் சொன்னதுக்கா?”

“பொய்யா? மத்த முப்பத்தொம்பது வீட்டுலயும் அதேதான் எழுதியிருக்காங்க. அதுக்கெல்லாம் நீக்கினா எனக்கு வேலையே இருக்காது.”

“பின்ன எதுக்கு நீக்கினீங்க? நீக்கின வீட்டுக் குப்பையில இருட்டுல என்ன வேலை?”

தராசு அக்கா டார்ச்சை அணைத்தாள். கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

“இன்னைக்காவது சாப்பிட்டியான்னு பார்க்கத்தான் மூடியைத் திறந்தேன். ஆய்வுல இருக்கிற வீட்டுல போய், ‘சாப்பிடு’ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, மொத்தக் கணக்கும் கெட்டுடும். காலையில உன்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகவும் கூடாது. இப்போ ரெண்டும் செய்யலாம். உள்ள நட, தட்டை எடு” என்று அவளை முன்னால் தள்ளிவிட்டு, பின்னாலேயே நுழைந்து, கதவை உள்ளிருந்து தாழ்போட்டாள்.