கையெழுத்துக்கு முன்

வேலைநிறுத்தத்தின் அறுபதாவது நாள். சங்க அலுவலகத்தில் இருநூறு தொழிலாளர்கள் பார்த்திருக்க, நெசவாலை நிர்வாகத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் குனிந்தார் செயலாளர்.

"தலைவர் வருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார் தறிக்காரர் ஒருவர்.

"பன்னிரண்டு வருஷமா சொன்னேன். தலைமறைவா போன தலைவர் செத்துட்டாங்கன்னு பேப்பர்ல வந்தப்பகூட நான் நம்பல. இன்னிக்கு எனக்கே நம்பிக்கை விட்டுப்போச்சு."

திடீரென்று சலசலப்பு அடங்கியது. அத்தனை பேரும் ஒருசேர எழுந்து வழிவிட்டதைச் செயலாளர் கவனிக்கவில்லை.

"கண்ணாடி போடாம எதுல கையெழுத்துப் போடறீங்க? குடுங்க, நான் படிக்கறேன்."

பேனா நழுவி விழுந்தது. எதிரே நரைத்த தலையோடு ஒரு பெண்மணி.

"தலைவரே!" என்று கட்டடம் அதிர முழங்கியது கூட்டம். செயலாளர் மட்டும் தன் மனைவியை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி அழைத்தார்.