ஒண்டையும் அழிக்க வேணாம்

"ஒண்டையும் அழிக்க வேணாம். இரிக்கிற மாதிரியே தாங்க."

வாங்க வந்தவன் இப்படிச் சொன்னதும் கீபோர்டில் இருந்த ஸஜாத்தின் கை அப்படியே நின்றது. கல்முனை பஸாரில் கம்ப்யூட்டர் கடை போட்ட நாளிலிருந்து பழைய மெசின் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். எல்லாத்தையும் துடைச்சிட்டு விண்டோஸைப் புதுசாப் போட்டுத் தாங்க என்பார்கள். இப்படி ஒரு ஆளை அவன் இப்பதான் பார்க்கிறான்.

"பழசு ஒங்களுக்கு என்னத்துக்கு?"

"வேணும்."

"இது ஒரு பொம்புளப் புள்ளட கம்ப்யூட்டர். தெரியுமா?"

"தெரியும். பதியுதீன் காக்காட மகள் சுபைறாட."

பேரெல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். ஸஜாத்துக்குச் சுருக்கென்றது.

முந்தாநாள்தான் சுபைறா வாப்பாவோடு ஓட்டோவில் வந்து இதை இறக்கிவிட்டுப் போனாள். ஸ்கூல் சோதனைத் தாள்களை டைப் அடித்துக் கொடுத்து, அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு டைப்பிங்கும் பழக்கி, இந்த மெசினால் நாலு பேர் மதிக்க இருந்தவள். அடுத்த மாதம் அவளுக்கு நிகாஹ். அவளும் மாப்பிள்ளையும் இருக்கச் சீதனமாகக் கட்டுகிற வீட்டில் எல்லா வேலையும் முடிந்து, சமைக்கிற குசினிக் கூரைக்கு ஓடு மட்டும்தான் பாக்கி. அதையும் போட்டு முடிக்காமல் மகனை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று மாப்பிள்ளையின் உம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாவாம். பதியுதீனுக்கு விற்க வேறு ஒன்றும் இல்லை.

"தங்கச்சி, நீங்க அடிச்சதையெல்லாம் ஃப்ளொப்பியில எடுத்துத் தரட்டா?" என்று ஸஜாத் அப்போது கேட்டான்.

"மெசின் இல்லாம ஃப்ளொப்பிய வெச்சி என்ன செய்ற நானா? அழிச்சிருங்க."

சொல்லிவிட்டு, மொனிட்டரில் இருந்த தூசியை ஷோல் நுனியால் துடைத்துவிட்டுப் போனாள். ஸஜாத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது இவன் வந்து நிற்கிறான். அயர்ன் பண்ணிய சேர்ட், வழித்த தாடி. பார்த்தால் படித்த பிள்ளை மாதிரித்தான் இருக்கிறது.

"தம்பி, ஒங்களுக்குத் தங்கச்சி இரிக்கா?"

"ரெண்டு பேர் இரிக்காங்க."

"அவங்க எழுதி வெச்சதை இன்னொருத்தன் ஊட்டுக்குக் கொண்டு போனா சும்மா இரிப்பீங்களா?"

"இரிக்க மாட்டன்."

"அப்ப?"

"நான் திறந்து பாக்க மாட்டன் நானா."

"பாக்காதவருக்கு அது என்னத்துக்கு?"

அவன் பர்ஸை வெளியே எடுத்தான். "கேட்ட விலைக்கு மேலயும் தாறன். அழிக்க மட்டும் வேணாம்" என்றான்.

ஸஜாத்துக்கு அதுவரை இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் போய்விட்டது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பான். ஆனால் இரண்டு நாளாக வேறு ஒருவரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. இவனையும் விரட்டினால் அந்தக் குசினிக்கு ஓடு எங்கிருந்து வரும்? விற்போம், ஆனால் அந்தப் பிள்ளையின் ஒரு எழுத்தைக்கூட இவன் கையில் விட மாட்டோம் என்று முடிவெடுத்தான்.

ஃப்ளொப்பியைப் போட்டு மெசினை எழுப்பினான். ஃபோர்மட் என்று அடித்தான். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கேட்டது. கோழி அறுக்கிறவர் மாதிரி பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் ஸஜாத் இந்த இடத்தில் பட்டனைத் தட்டுவான். கடைக்கு வருகிறவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே சொன்னான்.

வந்தவன் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கைய எடுங்க" என்றான் ஸஜாத். "அழிச்சிட்டுத்தான் தருவன். வேணுமெண்டா வாங்குங்க, இல்லாட்டி போங்க. புதுசா விண்டோஸ் போடக்குள்ள ஆர்ட கம்ப்யூட்டர் எண்டு பேர் கேக்கும். இப்ப சுபைறா எண்டு இரிக்கி. அதையும் மாத்தோணும். ஒங்கட பேர் என்ன?"

"முனாப்" என்றான் அவன். பிடித்த கையை இன்னும் விடவில்லை. "ஆனா அந்தப் பேரப் போட வேணாம் நானா. குசினிக்கு ஓடு கேட்டது எங்கட உம்மாதான். அவவோட கதைச்சு வெல்ல எனக்கு ஏலாமப் போச்சு. நிகாஹ் அண்டைக்கு மாப்பிள்ள பொண்ணுக்குக் குடுக்கிற மஹரா சுபைறாக்கு நான் குடுக்கப் போறது இதத்தான். அவட பேரே இரிக்கட்டும்."