குப்பியில் மூன்று கற்கள்

குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

உள்ளே மூன்று கற்கள். பழுப்பு நிறம்.

"தெனம் கேட்டியே, இந்தா. இதுதான் உன்னைப் படுத்தின கல்லு" என்றார் கணவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

பித்தப்பையை எடுத்து எட்டு நாள் ஆகிறது. கல் என்றுதான் சொல்லியிருந்தார்கள். எடுத்த கல்லைக் கையில் கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எதிர்வீட்டு ஃபிலோமினா தன்னுடையதை ஷோகேஸிலேயே வைத்திருக்கிறாள்.

இவளுக்கு யாரும் எதையும் காட்டவில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் இடது சிறுநீரகத்தை எடுத்தபோது, புற்று திரும்பினால் எங்கெல்லாம் போகலாம் என்று டாக்டர் சொன்னார். நுரையீரல். எலும்பு. ஈரல். மூளை. அன்றிலிருந்து ஒவ்வொரு இருமலையும் ஒவ்வொரு முதுகுவலியையும் அவள் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

பித்தப்பையை யாரும் சொல்லவில்லை.

நேற்று, எடுத்த பித்தப்பையின் பரிசோதனை முடிவு வாங்க அவர் தனியாகப் போனார். ஒன்றுமில்லை என்றார். ரிப்போர்ட் எங்கே என்றதற்கு, டாக்டரே வைத்துக்கொண்டார் என்றார்.

திரும்பி வந்தபோது சட்டைக் காலர் நனைந்திருந்தது. வழியில் எங்கே நின்று முகம் கழுவினார்?

குப்பியைத் திறந்தாள்.

மண் வாசனை.

ஒரு கல்லின் குறுக்கே வெள்ளைக் கோடு. அந்தக் கல்லை அவளுக்குத் தெரியும்.

"மூணுதானா? எனக்குப் பதினேழாக்கும்!" என்று உள்ளே வந்தாள் ஃபிலோமினா. "அண்ணே, கல்லு அக்காவுக்கா உங்களுக்கா? மூஞ்சி இப்பிடி வாடிக் கெடக்கு." குப்பியை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். "என்னக்கா, இவ்ளோ வழவழன்னு இருக்கு? என்னோடதெல்லாம் சொறிசொறியால்ல இருந்துச்சு."

மின்விசிறி சுவிட்சின் மேல் அவர் கை அப்படியே நின்றது.

"ஆளுக்கு ஆள் மாறும் ஃபிலோ" என்று குப்பியை வாங்கி மூடினாள்.

அவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

மாலையில் அவர் மருந்துக் கடைக்குப் போனதும், சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்கு நடந்தாள். கற்றாழைத் தொட்டி. போன வருடம் ஒவ்வொன்றாய்க் கழுவி, மண்மேல் அவள் பரப்பிய கூழாங்கற்கள். இப்போது இருப்பதெல்லாம் வெள்ளை.

இருந்த மூன்றே பழுப்புக் கற்களை, தேடித்தேடி எடுத்திருக்கிறார்.

எடுத்த இடத்தில் ஈரமண் தெரிந்தது.

தையல் இழுத்தது. மெல்லக் குனிந்தாள். பக்கத்துக் கற்களை நகர்த்தி, மூன்று பள்ளங்களையும் மூடினாள்.