மாமன் மடியில் நடக்காத ஒன்று

"மூணே நாளுதான் சாமி. வெள்ளிக்கிழமை போனா திங்கக்கிழமை ஊட்டுல இருப்போம்" என்றான் சந்திரசேகர்.

மடிக்கணினித் திரையில் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் ஜெகஜ்ஜோதியாக நின்றது. மகன் கோபி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முழங்கால் சிராய்ப்பைச் சொறிந்துகொண்டிருந்தான்.

மகள் வெண்ணிலாவுக்கு நீட் கோச்சிங்காம். ஒன்பதாவது படிக்கும் கோபிக்கு சேர்வராயன் கோயில் திருவிழாவாம். போன வருடம் அந்தக் கோயில் குகைக்குள் குனிந்து வரச் சொன்னதற்கு முதுகு வலிக்கிறது என்று ஐஸ் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்ட பக்திமான் இவன்.

இந்த மலை மேல், கரடியூரில் வேறு எந்தப் பிள்ளையாவது இப்படிச் செய்யுமா? காபிக்கு இரண்டு வருடமாக நல்ல விலை நிற்கிறது. மிளகும் கைவிடவில்லை. பாஸ்போர்ட் நான்கும் வந்து பீரோவில் கிடக்கின்றன. இத்தனைக்கும் பிறகு, வெளிநாட்டுக்கு வாருங்கள் என்று பெற்றவன் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

உண்மையில் அவனுக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் பெரிதாக இல்லை. பிள்ளைகள் முதன்முதலாக விமானம் ஏறும்போது பக்கத்தில் அப்பன் இருக்க வேண்டும். மச்சினன் மாதேஷ் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

மாதேஷ், சந்திரசேகரின் மனைவி புவனாவுக்குத் தம்பி. பிள்ளைகளுக்குத் தாய்மாமன்.

முதல் மொட்டை மாமன் மடியில். காதுகுத்தும் மாமன் மடியில். வழக்கம் அது, யாரும் ஒன்றும் சொல்வதற்கில்லை. பிள்ளை வீலென்று கத்திக்கொண்டு மாமன் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். போட்டோக்காரன், "அப்பா கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பான்.

வெண்ணிலா பெரியவளானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டியதும் மாதேஷ்தான். அவன் கொண்டுவந்த சீர்த்தட்டுகளை ஊரே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. பெற்றவன் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

அதோடு விட்டானா? வழக்கத்தில் இல்லாததையும் மாமனே செய்தான். நீச்சல் பழக்கினான். கடலைக் காட்டினான். பரோட்டாவை எப்படிப் பிய்த்துப் போட வேண்டும் என்பது வரைக்கும் பிள்ளைகளுக்கு மாமன் சொன்னதுதான் வேதம்.

ஒவ்வொன்றுக்கும் சந்திரசேகருக்கு வயிறு எரிந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தன் பிள்ளைகள் மேல் ஒருத்தன் உசிராக இருப்பதற்கு எவனாவது பொறாமைப்படுவானா? இவன் பட்டான். தின்ற சோறு செரிக்காத அளவுக்குப் பட்டான்.

ஆனைக்கொரு காலம் என்றால் பூனைக்கொரு காலம் வராமலா போகும்? ஆகாயத்தில் மட்டும் தாய்மாமனுக்கு எந்த முறையும் கிடையாது.

"செரி, சீட்டயாவது சொல்லுங்க. ஜன்னலோரம் ஒண்ணுதான் காலியா இருக்குது. யாருக்குப் போடட்டும்?"

சேலம் பஸ்ஸில் அந்த இடத்துக்காக ஒருவர் முடியை ஒருவர் பிய்த்துக்கொள்கிற பிள்ளைகள் இவர்கள். கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் இறங்கி முடிகிற வரை சண்டை ஓயாது. கண்டக்டரே அலுத்துப்போய்த் திட்டுவதை விட்டுவிட்டார்.

"நீங்களே உக்காந்துக்குங்கப்பா" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்பனுக்காக விட்டுக்கொடுக்கிறார்கள். வளர்ந்துவிட்டார்கள்!

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து வெண்ணிலாவுக்கும் மனம் இளகியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"கெளம்பறப்ப சீட்டோட சேத்திப் பின்னால அமுக்கறாப்பல இருக்கும். பயந்துக்காதீங்கப்பா, கொஞ்ச நேரந்தான்."

கோபி அக்காவின் காலை மிதித்தான். மேசைக்கு அடியில்தான் மிதித்தான், ஆனாலும் தெரிந்தது.

சமையலறையில் புவனா வதக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது.

பொங்கல் லீவில் பிள்ளைகள் இரண்டு பேரும் மாதேஷோடு சென்னைக்குப் போய் வந்திருந்தார்கள். காபிப் பழம் பறிக்கிற நேரம், சந்திரசேகரால் தோட்டத்தை விட்டு நகர முடியவில்லை. ரயிலில் போனார்கள் என்றுதான் புவனா சொல்லியிருந்தாள்.

"மாமனா?" என்று கேட்டான்.

வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொன்னவன் கோபி.

"உங்களுக்குத் தெரிஞ்சா நொம்ப வருத்தப்படுவீங்கன்னு அம்மா சொல்லுச்சு. மொதத் தடவ போறாப்பல ஆன்னு வாயப் பொளந்து பாக்கோணுமாம். எனக்கு நடிக்க வராதுங்கப்பா. அதான் வர்லீன்னேன்."

மடிக்கணினியைப் படாரென்று மூடியிருக்கலாம். மச்சினனைப் போனில் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியவன்தான்.

ஆனால் அந்த நிமிடத்தில் அவனுக்கு மாதேஷின் நினைப்பே ஓடவில்லை. எதிரே திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த இந்த இரண்டு குட்டிகள் மேல்தான் வயிறு எரிந்தது. நாற்பத்தாறு வயதாகிறது அவனுக்கு. மலைக்கு மேலே போகிற விமானத்தைக் காபி காயவைக்கும் களத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஜன்னலோர இருக்கையில் தன் பெயரைப் போட்டான்.

பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிள்ளைகள் பக்கமாகக் குனிந்து, புவனாவுக்குக் கேட்காத குரலில் கேட்டான்:

"மேகத்துக்குள்ள பூந்து போறப்ப வெளிய என்ன கண்ணு தெரியும்?"